வேதாகமத்தில் ராஜாக்கள் எதற்கு அடையாளம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர்களும் வசன எண்களும் வேதாகமச் சங்கத்தின் பழைய மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன. திருவிவிலியம் வைத்திருப்பவர்கள் உபாகமத்துக்கு இணைச்சட்டத்தையும், இராஜாக்களுக்கு அரசர்கள் நூலையும், நாளாகமத்துக்குக் குறிப்பேட்டையும், சங்கீதத்துக்குத் திருப்பாடல்களையும் பார்க்கவும்.

ராஜா என்று வந்தாலே அது கிறிஸ்துவுக்கு அடையாளம்தானே?

இல்லை. பார்வோனும் ராஜா, ஏரோதும் ராஜா. ஒரே பதவி மூன்று விதமாக வேதத்தில் வருகிறது. கர்த்தரே ராஜா என்பது முதலாவது (1 சாமுவேல் 12:12, சங்கீதம் 93, 95 முதல் 99 வரை). அவருடைய இடத்தில் நின்று ஆள வைக்கப்பட்ட மனித ராஜா இரண்டாவது. அந்த இடத்தைத் தனக்கே சொந்தமென்று எடுத்துக்கொள்கிற ராஜா மூன்றாவது. ஒரே மனிதன் காலையில் இரண்டாவதாகவும் மாலையில் மூன்றாவதாகவும் இருப்பதுண்டு. சவுலும் சாலொமோனும் அப்படித்தான். ஆகவே, "இந்த ராஜா யாருக்கு அடையாளம்?" என்று கேட்பதற்கு முன், "இந்த அதிகாரத்தில் இவன் எந்த இடத்தில் நிற்கிறான்?" என்று கேளுங்கள். அதை அளக்கும் கோல் உபாகமம் 17-இல் இருக்கிறது.

உபாகமம் 17-க்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ராஜாவுக்கென்று நியாயப்பிரமாணம் கொடுக்கிற சட்டம் அது ஒன்றுதான் (17:14-20). மூன்று தடைகள்: குதிரைகளைப் பெருக்கவும் அதற்காக ஜனங்களை எகிப்துக்குத் திருப்பவும் கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது. ஒரு கடமை: சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென எழுதிவைத்து, நாள்தோறும் வாசிக்க வேண்டும். படை நடத்துவது, வரி வாங்குவது, எல்லையை விரிப்பது என்று மற்ற தேசத்து ராஜாக்கள் பெருமைப்பட்டுக்கொண்ட எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை. வாசிப்பதுதான் ராஜாவின் வேலை.

இப்போது 1 இராஜாக்கள் 10, 11-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே வருஷத்தில் சாலொமோனுக்கு வந்த பொன் 666 தாலந்து (10:14). ஒரு தாலந்து சுமார் 34 கிலோ என்றால் 22 டன்னுக்கு மேல். அடுத்து 1,400 ரதங்கள், 12,000 குதிரைவீரர் (10:26). குதிரைகள் எங்கிருந்து? எகிப்திலிருந்து. விலைகூடக் கொடுக்கப்பட்டிருக்கிறது: ரதம் ஒன்றுக்கு 600 வெள்ளிக்காசு, குதிரை ஒன்றுக்கு 150 (10:28-29). அதற்கடுத்த அதிகாரம் 700 மனைவிகளோடும் 300 மறுமனையாட்டிகளோடும் திறக்கிறது (11:3). பொன், குதிரை, பெண் என மூன்று தடையும் வரிசையாக உடைகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் புகழ்மாலை. சட்டத்தை அறிந்தவனுக்கு அது குற்றப்பத்திரிகை. 10-ஆம் அதிகாரத்தை ஆசீர்வாதச் செய்தியாக மட்டும் பிரசங்கிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இஸ்ரவேலர் ராஜாவைக் கேட்டது பாவமா? அப்படியானால் தாவீதின் சிங்காசனத்தைத் தேவன் ஏன் ஆசீர்வதித்தார்?

ராஜா வருவான் என்பது ஆபிரகாமுக்கே சொல்லப்பட்ட வாக்கு (ஆதியாகமம் 17:6). யூதாவை விட்டுச் செங்கோல் நீங்காது என்று யாக்கோபும் சொன்னான் (49:10). ஆகவே ராஜத்துவமே தப்பு அல்ல. "சகல ஜாதிகளுக்கும் இருக்கிறபடி" ஒரு ராஜா வேண்டும் என்று கேட்டதுதான் தப்பு (1 சாமுவேல் 8:5). கர்த்தரின் பதில், அவர்கள் தள்ளினது சாமுவேலை அல்ல, தம்மையே என்பது (8:7).

சாமுவேல் கொடுத்த எச்சரிக்கையை வாய்விட்டு வாசியுங்கள் (8:11-17). உங்கள் குமாரரை எடுப்பான், குமாரத்திகளை எடுப்பான், நல்ல வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் எடுப்பான், தானியத்தில் பத்தில் ஒன்றை எடுப்பான். எடுக்கிறவனாகவே அந்த ராஜா காட்டப்படுகிறான். பிறகு 1 இராஜாக்கள் 21-இல் நாபோத்தின் திராட்சத்தோட்டம். நாபோத் "தரமாட்டேன்" என்றதும் ஆகாப் படுக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறான். கெட்ட ராஜாவானாலும் பிதாக்களின் சுதந்தரத்தைப் பிடுங்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். நிலம் கர்த்தருடையது (லேவியராகமம் 25:23). சீதோன் ராஜாவின் மகளான யேசபேலுக்கு அது புரியவில்லை. "நீர்தானே இஸ்ரவேலை ஆளுகிறவர்?" என்கிற தொனியில் கேட்கிறாள் (21:7). ராஜா என்றால் என்ன என்பதில் இரண்டு எண்ணங்கள் அந்தப் படுக்கையறையில் மோதுகின்றன. இந்தப் பொருளில் ஒரே ஒரு பாடம் எடுக்க நேரம் இருந்தால், அந்த அதிகாரத்தை எடுங்கள்.

ஒரு ராஜாவின் அடையாளப் பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது?

யூதாவின் ராஜா எசேக்கியாவை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் தீர்ப்பு வசனத்தைத் தேடுங்கள். இராஜாக்களின் புத்தகங்களில் பெரும்பாலும் ஆட்சியின் தொடக்கத்திலேயே அது வந்துவிடும்: "கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதை" அல்லது "பொல்லாப்பானதை" செய்தான். எசேக்கியாவுக்கு 2 இராஜாக்கள் 18:3-6. செம்மையானதைச் செய்த யூதாவின் ராஜாக்கள் பலருக்கு "மேடைகளோ அகற்றப்படவில்லை" (மேடைகள்: ஆலயத்துக்கு வெளியே பலியிட்ட இடங்கள்) என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். எசேக்கியாவுக்கும் யோசியாவுக்கும் அது கிடையாது.

அடுத்து உபாகமம் 17-இன் அளவுகோல். எருசலேமுக்கு எதிராக வந்த அசீரியாவின் அதிகாரி ரப்சாக்கே, ஏறுவதற்கு ஆட்கள் இருந்தால் 2,000 குதிரைகள் தருகிறேன் என்று கிண்டல் செய்கிறான் (18:23). எசேக்கியாவிடம் குதிரை இல்லை, எருசலேம் தப்பியது. ஆனால் 20-ஆம் அதிகாரத்தில் பாபிலோன் தூதருக்கு வெள்ளியையும் பொன்னையும் திறந்து காட்டுகிறான். அங்கே விழுகிறான்.

மூன்றாவது, அவனோடு பேசிய தீர்க்கதரிசி யார், என்ன சொன்னான்? இங்கே ஏசாயா. தீர்க்கதரிசி இல்லாமல் ராஜாவை வாசித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

நான்காவது, நாளாகமத்தில் அதே ராஜாவைப் பாருங்கள். கடைசியாக, சங்கீதமோ தீர்க்கதரிசனமோ புதிய ஏற்பாடோ அவனை மறுபடி எடுத்துப் பேசுகிறதா என்று இணைவசனங்களில் தேடுங்கள். வேதமே எடுத்துப் பேசியிருந்தால் அடையாளம் உறுதி. இல்லையென்றால் அது உங்கள் ஊகம்; ஊகம் என்றே சொல்லிப் பிரசங்கியுங்கள்.

இராஜாக்களின் புத்தகமும் நாளாகமமும் ஒரே ராஜாவை ஏன் வேறுவிதமாகக் காட்டுகின்றன?

நோக்கம் வேறு. பாபிலோன் சிறைபிடிப்பு ஏன் வந்தது என்று இராஜாக்கள் விளக்குகிறது. திரும்பி வந்தவர்களுக்கு ஆலயமும் தாவீதின் வீடும் இன்னும் என்ன என்று நாளாகமம் சொல்கிறது. அதனால் தாவீது பத்சேபாளோடு பாவம் செய்த விஷயம் நாளாகமத்தில் இல்லை. தாவீது அங்கே ஆலயத்துக்கு எல்லாம் சேர்த்துவைக்கிறவன். எசேக்கியாவின் மகன் மனாசே இன்னும் கூர்மையான உதாரணம். 2 இராஜாக்கள் 24:3-இல் யூதாவின் அழிவுக்கே அவன் பாவங்கள் காரணம்; 2 நாளாகமம் 33:12-13-இல் விலங்கு மாட்டப்பட்டு, தாழ்த்தி, ஜெபித்து, திரும்பி வருகிறான். ஒன்றில் சிறைபிடிப்பின் அடையாளம், மற்றதில் சிறையிருப்பிலிருந்து மீள்வதன் அடையாளம். இரண்டையும் கலந்து ஒரே மனாசேயாக ஆக்கினால் இரண்டு நூலின் குரலும் கெட்டுப்போகும்.

இன்னொன்று. உலக வரலாற்றில் பெரியவன் வேதத்திலும் பெரியவன் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆகாபின் தகப்பன் உம்ரியின் ஆட்சிக்கு வேதம் கொடுத்தது ஆறே வசனம் (1 இராஜாக்கள் 16:23-28). 1868-இல் யோர்தானின் தீபானில் கிடைத்த மோவாபிய ராஜா மேசாவின் கல்வெட்டோ, மோவாபை உம்ரி ஒடுக்கியதைப் பெயர் சொல்லிப் பேசுகிறது.

ராஜாவும் ஆசாரியனும் ஒன்றாக இருக்கலாமா? மெல்கிசேதேக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

சீனாயில் மோசே மூலம் கொடுக்கப்பட்ட ஒழுங்கின்படி ஆசாரியத்துவம் லேவியின் வம்சத்துக்கு, சிங்காசனம் யூதாவுக்கு. யூதாவின் ராஜா உசியா தூபங்காட்ட ஆலயத்துக்குள் போனபோது ஆசாரியனாகிய அசரியாவும் 80 ஆசாரியரும் எதிர்த்து நின்றார்கள். நெற்றியில் குஷ்டரோகம் தோன்றியது (2 நாளாகமம் 26:16-21). 52 வருஷம் ஆண்டவன் தனி வீட்டில் முடிந்துபோனான். அந்த உசியா மரித்த வருஷத்தில்தான் ஏசாயா ஆலயத்தில் உயர்ந்த சிங்காசனத்தைக் கண்டு, "சேனைகளின் கர்த்தராகிய ராஜாவை" கண்டேன் என்கிறான் (6:1, 5). எந்த ஆலயத்துக்குள் மனித ராஜா அத்துமீறி நுழைந்தானோ, அங்கே மெய்யான ராஜா ஏற்கெனவே வீற்றிருக்கிறார்.

சவுலை மட்டும் இதே கணக்கில் சேர்க்காதீர்கள். 1 சாமுவேல் 13-இல் அவன் பலியிட்டது ஆசாரியருடைய வேலையில் தலையிட்டதால் குற்றம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் தாவீதும் பலி செலுத்தினான் (2 சாமுவேல் 6:17), சாலொமோனும் செலுத்தினான். சாமுவேல் சொன்ன குற்றம், கட்டளையைக் கைக்கொள்ளவில்லை என்பது (13:13).

மெல்கிசேதேக்கு சாலேமின் ராஜா, உன்னதமான தேவனுடைய ஆசாரியன். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்தான் (ஆதியாகமம் 14:18). லேவி பிறப்பதற்கு முந்தியவன். அதனால்தான் சங்கீதம் 110:4 யூதா வம்சத்து ராஜாவுக்கு ஆசாரியத்துவம் தரும்போது அவனைக் காட்டுகிறது. எபிரெயர் 7 அதை விரித்துச் சொல்கிறது. "தாய் தகப்பன் இல்லாதவன்" என்பது ஆதியாகமம் அவன் வம்சவரலாற்றைச் சொல்லாமல் விட்டதை வைத்துக் கட்டிய வாதம். வானத்திலிருந்து குதித்தான் என்று கதை கட்ட வேண்டியதில்லை.

கழுதையில் வருவது தாழ்மைக்கு மட்டும்தான் அடையாளமா?

தாழ்மை உண்டு, சகரியா 9:9 அதைச் சொல்கிறது. ஆனால் பாதிதான். தாவீதின் வீட்டில் முறையான வாரிசு ஏறியது ராஜாவின் கோவேறு கழுதையில். சாலொமோனை அதில் ஏற்றித்தான் கீகோனுக்குக் கொண்டுபோனார்கள் (1 இராஜாக்கள் 1:33, 38). சிங்காசனத்தைத் தட்டிப்பறிக்கப் பார்த்த இருவரோ ரதத்தோடும் குதிரைகளோடும் முன்னோடும் 50 சேவகரோடும் வந்தார்கள்: அப்சலோம் (2 சாமுவேல் 15:1), அதோனியா (1 இராஜாக்கள் 1:5). எண் முதற்கொண்டு ஒன்றே. சகரியாவின் அடுத்த வசனம் ரதங்களையும் குதிரைகளையும் அற்றுப்போகப்பண்ணுவதைப் பேசுகிறது (9:10). குருத்தோலை ஞாயிறு பிரசங்கத்தில் 9:9-ஐ மட்டும் வாசித்து நிறுத்தினால், எருசலேமுக்குள் வருகிறவர் சட்டத்துக்குட்பட்ட, உரிமையுள்ள ராஜா என்ற பாதி காணாமல் போகிறது.

அபிஷேகத்தில் சவுலுக்குத் தைலக்குப்பி, தாவீதுக்குத் தைலக்கொம்பு. இதில் பொருள் உண்டா?

குப்பி சவுலுக்கும் யெகூவுக்கும் (1 சாமுவேல் 10:1, 2 இராஜாக்கள் 9:1-3), கொம்பு தாவீதுக்கும் சாலொமோனுக்கும் (1 சாமுவேல் 16:13, 1 இராஜாக்கள் 1:39). குப்பி உடையும், கொம்பு நிற்கும் என்பது மேடையில் நன்றாக எடுபடும். ஆனால் வேதம் அதை விளக்கவில்லை. போகிற போக்கில் சொல்லலாம், உபதேசம் கட்டக்கூடாது.

ஏசாயா 14-இல் பாபிலோன் ராஜாவும் எசேக்கியேல் 28-இல் தீருவின் ராஜாவும் சாத்தானா?

ஏசாயா 14:4 இது பாபிலோன் ராஜாவின்மேல் சொல்லும் வாக்கியம் என்று நேராகச் சொல்கிறது. 14:16-இல் பார்க்கிறவர்கள் "பூமியைத் தத்தளிக்கப்பண்ணின மனுஷன் இவன்தானா" என்று கேட்கிறார்கள். எசேக்கியேல் 28:2-உம் "நீ மனுஷனேயல்லாமல் தேவனல்ல" என்கிற பொருளில் பேசுகிறது. சாத்தானின் விழுகையாக வாசிக்கும் மரபு ஆதிச்சபை எழுத்தாளர்களான ஓரிகன், தெர்த்துல்லியன் காலம் தொட்டு இருக்கிறது. மேலும் 28:13-14-இல் ஏதேன், காப்பாற்றுகிற கேருப் என்று வருகிற வர்ணனை வியாபார நகரத்து ராஜாவைத் தாண்டிப் போகிறது என்பதும் உண்மை. எங்கள் கருத்து: முதல் பொருளை முதலில் சொல்லுங்கள். தன்னைத் தேவனாக்கிக்கொண்ட அரசனின் வீழ்ச்சி அது. அதற்குப் பின்னால் இருக்கிற வல்லமையைப் பற்றி இரண்டாவதாகப் பேசலாம். முதலாவதை விட்டுவிட்டால், இன்றைய ஆட்சியாளர்கள் அந்த அதிகாரங்களிலிருந்து சுலபமாகத் தப்பிவிடுகிறார்கள்.

தானியேலிலும் வெளிப்படுத்தலிலும் ராஜா என்றால் ஆளா, ராஜ்யமா?

இரண்டும். தானியேல் 7:17-இல் நாலு மிருகங்களும் நாலு ராஜாக்கள். ஆறே வசனம் தள்ளி 7:23-இல் நாலாம் மிருகம் நாலாம் ராஜ்யம். "பொன்னான அந்தத் தலை நீரே" என்று நேபுகாத்நேச்சாரிடம் சொன்னவன், அடுத்த வசனத்தில் "வேறொரு ராஜ்யம்" என்கிறான் (2:38-39). 8:20-21 ஆட்டுக்கடாவை மேதியா பெர்சியா என்றும் வெள்ளாட்டுக்கடாவைக் கிரேக்கு என்றும் பெயர் சொல்லியே விளக்கிவிடுகிறது. நாலாவது ராஜ்யம் ரோமா, கிரேக்கா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மேதியாவையும் பெர்சியாவையும் ஒரே மிருகமாக 8:20 காட்டுவது, ரோம் என்பவர்களுக்கு நல்ல ஆதாரம்.

வெளிப்படுத்தல் 17:10-இன் ஏழு ராஜாக்களை எண்ணும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஐந்துபேர் விழுந்தார்கள், ஒருவன் இருக்கிறான். அகுஸ்துவிலிருந்து எண்ணினால் ஐந்தாவது நீரோ, ஆறாவது கல்பா. யூலியு சீசரிலிருந்து எண்ணினால் ஆறாவது நீரோ. கி.பி. 68, 69-இல் குறுகிய காலம் ஆண்ட மூவரைத் தள்ளிவிட்டால் ஆறாவது வெஸ்பாசியன். தொடங்கும் இடத்தை மாற்றினால் விடையும் மாறுகிற கணக்கை வைத்து, இன்றைய தலைவர் ஒருவரின் பெயரை மேடையில் சொல்வது பொறுப்பற்ற செயல்.

"ராஜாதி ராஜா" இயேசுவுக்கு மட்டும் உரிய பட்டமா?

நேபுகாத்நேச்சாருக்கும் (தானியேல் 2:37, எசேக்கியேல் 26:7) பெர்சியாவின் அர்தசஷ்டாவுக்கும் (எஸ்றா 7:12) இதே பட்டம் இருக்கிறது. அரசியல் பட்டம் அது. வெளிப்படுத்தல் 17:14 அதை ஆட்டுக்குட்டியானவருக்குக் கொடுக்கும்போது பேரரசர்களிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கிறது.

கர்த்தரை அறியாத பெர்சிய ராஜா கோரேசு எப்படி "அபிஷேகம்பண்ணப்பட்டவன்" ஆனான்?

ஏசாயா 45:1 அவனை அப்படி அழைக்கிறது. "நீ என்னை அறியாதிருந்தும்" என்றும் கூடவே சொல்கிறது (45:4-5). கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்த கோரேசு, தன் களிமண் உருளை சாசனத்தில் மர்தூக் தெய்வத்துக்குத்தான் நன்றி சொல்கிறான். அந்த உருளை 1879-இல் பாபிலோனில் கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எரேமியா 25:9 நேபுகாத்நேச்சாரை "என் ஊழியக்காரன்" என்பதும் இதே வகை. கையில் எடுத்த கருவி என்பது பொருள். நீதிமான் என்று சான்றிதழ் அல்ல.

மூன்று ராஜாக்கள் திருநாள் கொண்டாடுகிறோம். மத்தேயுவில் ராஜாக்களே இல்லையே?

ஆமாம், சாஸ்திரிகள்தான், எத்தனை பேர் என்றும் இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றானதால் ஆளும் மூவரானார்கள். சங்கீதம் 72:10-11-உம் ஏசாயா 60:3, 6-உம் அவர்களுக்குக் கிரீடம் வைத்தன. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் பிற்கால மரபு.

மத்தேயு காட்ட விரும்பும் ராஜாக்கள் வேறு இருவர். ரோம செனட் கி.மு. 40-இல் ஏரோதுக்கு யூதரின் ராஜா என்று பட்டம் கொடுத்திருந்தது. அவன் ஊரிலேயே வந்து, "யூதருக்கு ராஜாவாகப் பிறந்திருக்கிறவர் எங்கே?" என்று கேட்கிறார்கள். மத்தேயு 2-ஐப் பென்சிலோடு வாசியுங்கள்: முதல் ஒன்பது வசனங்களில் ஏரோது மூன்று முறை ராஜா எனப்படுகிறான். 11-ஆம் வசனத்தில் பிள்ளையைப் பணிந்துகொண்ட பிறகு, அந்த அதிகாரம் முடியும்வரை அவன் வெறும் ஏரோது.

உவமைகளில் வரும் ராஜா எப்போதும் தேவன்தானா?

மத்தேயு 18:23-35-இல் ஆம். 35-ஆம் வசனமே முடிச்சு போடுகிறது. ஒரு தாலந்து 6,000 தினக்கூலி. ராஜா மன்னித்த 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. மன்னிப்புப் பெற்றவனுக்கு அடுத்தவன் பட்ட கடனோ 100 நாள் கூலி. லூக்கா 14:31-இல் 20,000 பேரோடு வருகிறவனை 10,000 பேரோடு சந்திக்கலாமா என்று யோசிக்கிற ராஜா தேவன் அல்ல, செலவைக் கணக்குப் பார்க்கிற சீஷன். லூக்கா 19:12-27 சிக்கலானது. ராஜ்யத்தைப் பெறத் தூரதேசம் போனவன், பின்னாலேயே ஆள் அனுப்பி எதிர்த்த ஊரார் என்பது கி.மு. 4-இல் ஏரோதின் மகன் அர்கெலாயு ரோமுக்குப் போன நிகழ்ச்சியை அப்படியே ஒத்திருக்கிறது. அந்த ராஜாவின் கொடுமை ஒவ்வொன்றையும் தேவனுடைய குணமாக்கினால் பெரிய பிழை நேரும்.

விசுவாசிகள் ராஜாக்கள் என்கிறார்களே?

வெளிப்படுத்தல் 1:6, 5:10 அப்படிச் சொல்கின்றன. ஆனால் அதே புத்தகத்தில் 24 மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைக் கழற்றிச் சிங்காசனத்துக்கு முன்பாக வைக்கிறார்கள் (4:10). கார், பங்களா, "ராஜாவைப் போல வாழ்வாய்" என்று இந்த வசனத்தை விரிப்பவர்கள் பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாகட்டும் என்கிற மாற்கு 10:42-45-ஐ முதலில் தாண்டியாக வேண்டும்.

ஆட்சி ஆண்டுகளுக்கு மறைபொருள் உண்டா?

பெரும்பாலும் இல்லை. தாவீது 40 வருஷம் ஆண்டான். பிரித்துப் பார்த்தால் எப்ரோனில் 7 வருஷம் 6 மாதம், எருசலேமில் 33 வருஷம் (2 சாமுவேல் 5:5). அரை வருஷம் கூடுகிறது. 40 முழு எண்ணாகச் சொல்லப்பட்டது. சாலொமோனுக்குப் பின் பிரிந்த யூதா (தெற்கு), இஸ்ரவேல் (வடக்கு) என்ற இரு ராஜ்யங்களின் ஆண்டுகளைக் கூட்டினாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. தகப்பனும் மகனும் சேர்ந்து ஆண்ட காலங்களும், முதல் ஆண்டை எண்ணும் முறையில் இருந்த வேறுபாடும் காரணங்கள். மத்தேயு 1-ஐ ராஜாக்களின் முழுப் பட்டியலாக எடுக்கவும் கூடாது: பதினான்கு தலைமுறை வருவதற்காக அகசியா, யோவாஸ், அமத்சியா மூவரும் விடப்பட்டிருக்கிறார்கள்.

பெயர்க் குழப்பத்தை எப்படித் தவிர்ப்பது?

ராஜாக்களில் உசியாவும் அசரியாவும் ஒருவனே (அவனை எதிர்த்த ஆசாரியன் அசரியா வேறு). யோயாக்கீன், எகோனியா, கோனியா மூன்றும் ஒருவனே. அவன் தகப்பன் யோயாக்கீம். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், அச்சிலும் பேச்சிலும் அடிக்கடி மாறிப்போகும். யோராம், யோவாஸ் என்ற பெயர்கள் இரு ராஜ்யத்திலும் உண்டு; யெரொபெயாம் வடக்கிலேயே இருவர். குறிப்பு எடுக்கும்போது பெயரோடு தகப்பன் பெயரையும் "யூதா" அல்லது "இஸ்ரவேல்" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஞாயிறு பள்ளியில் எந்த வரிசையில் எடுப்பது?

ஆறு வாரம் போதும். உபாகமம் 17; 1 சாமுவேல் 8; 1 இராஜாக்கள் 10, 11; நாபோத்தின் தோட்டம்; சங்கீதம் 72; மத்தேயு 2. முதல் வாரம் மூன்று தடையையும் ஒரு கடமையையும் அட்டையில் எழுதி ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு வாரமும் அந்த வார ராஜாவுக்குப் பிள்ளைகளே சரி, தவறு போடட்டும். சங்கீதம் 72-இல் மட்டும் "எடுப்பான்" என்பதற்கு எதிராக இந்த ராஜா எளியவனுக்கு என்ன செய்கிறான் என்று வினைச்சொற்களை எண்ணச் சொல்லுங்கள் (72:4, 12-14). தானியேலை இந்த ஆறு வாரத்துக்குள் நுழைக்க வேண்டாம். சிலையும் மிருகங்களும் வந்தால் பிள்ளைகள் மற்ற ஐந்து பாடத்தையும் மறந்துவிடுவார்கள்.